டிஸ்ப்ளேயில் பெயர் வராத மனிதர்



ஆண்டு மலர் என்றாலே ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு இல்லாமல் இருக்காது. எடிசன், ராமானுஜன், சர் சி.வி. ராமன் என்று பெரிய பெயர்களை எல்லாம் சீனியர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தவர் டென்னிஸ் ரிட்சி. சி மொழிப் புத்தகத்தின் அட்டையில் இரண்டாவதாக ஒரு பெயர் இருக்கிறதே, அவர்தான். சி மொழியை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு விடையாக அவர் பெயரை நாம் எல்லோரும் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆள் யார், எப்படி வாழ்ந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

சி மொழியின் பெருமையைப் பாட எனக்கு ஆசையில்லை. அதைப் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள். யூனிக்ஸில் லாகின் செய்தவுடன் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற தொடக்க ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. டாட் ப்ரொஃபைல் என்போம். அதில் டிஸ்ப்ளே என்ற என்விரான்மென்ட் வேரியபிளை, தமிழில் சொன்னால் சூழல் மாறியை, வைப்பது ஒரே ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி ஏன் சில நேரம் வேலை செய்கிறது, ஏன் சில நேரம் முரண்டு பிடிக்கிறது என்று தேடப் போய்த்தான் நான் ரிட்சியிடம் வந்து சேர்ந்தேன். ஆகவே இது பாதி அவர் கதை, பாதி அந்த வரியின் கதை.

ரிட்சி பிறந்தது 1941 செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பிராங்க்ஸ்வில் என்ற ஊரில். வளர்ந்தது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், சம்மிட் என்ற ஊர். அப்பா அலிஸ்டேர் ரிட்சி சாதாரண ஆள் இல்லை. டெலிபோன் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. ரிலேக்களை எப்படி இணைத்தால் என்ன லாஜிக் கிடைக்கும் என்பதை விளக்கி, 1951-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து சுவிட்சிங் சர்க்யூட் வடிவமைப்பு பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். நம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பாடத்தில் வருகிற சமாச்சாரத்துக்கு அது ஒரு முன்னோடிப் புத்தகம். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் வேறு எங்கே போவான்? ஆனாலும் அவர் நேராக அங்கே போய்விடவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1963-ல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே யூனிவாக் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சொற்பொழிவைக் கேட்டிருக்கிறார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. மேற்படிப்பு பயன்பாட்டுக் கணிதத்தில். அங்கே ஆல்பர்ட் மேயர் என்பவரோடு சேர்ந்து லூப் ப்ரோக்ராம்களைப் பற்றி 1967-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லூப்புக்குள் லூப், அதற்குள் இன்னொரு லூப் என்று போகிறோமே, அந்த ஆழத்தை வைத்து ஒரு ப்ரோக்ராம் எவ்வளவு சிக்கலான கணக்கைப் போட முடியும் என்று அளப்பது அதன் சாரம். நாம் ஸ்டார் வடிவத்தில் பிரமிடு வரைய மூன்று ஃபார் லூப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் அதே லூப்பை வைத்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார்.

ஆய்வேடு 1968-ல் தயார். தலைப்பு, ப்ரோக்ராம் அமைப்பும் கணக்கீட்டுச் சிக்கலும் என்ற பொருளில். வழிகாட்டி பேட்ரிக் ஃபிஷர். எல்லாம் முடிந்துவிட்டது, பைண்டு செய்த ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதைக் கொடுக்கவில்லை. அதனால் பட்டமும் வரவில்லை. கடைசி வரை அவர் டாக்டர் ரிட்சி ஆகவே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். டிப்ளமோ படிக்கிற நமக்கு இந்தச் செய்தி தேன் மாதிரி இனிக்கும். பார்த்தாயா, சர்டிபிகேட் ஒரு பேப்பர்தான் என்று ஹாஸ்டலில் ஒருவன் உடனே ஆரம்பித்துவிட்டான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரிட்சிக்குக் கையில் ஹார்வர்டு டிகிரி ஒன்று ஏற்கனவே இருந்தது. அப்பா வேலை பார்த்த ஆய்வகத்தில் 1967-லேயே அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஒரு பிரதி கொடுக்காமல் விட்டால் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. நாம் புரொவிஷனல் சர்டிபிகேட் வாங்காமல் விட்டால் லேட்டரல் என்ட்ரி வரிசையில் முதல் மேஜையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிப்ளமோ ஹோல்டரா என்று கேட்டுவிட்டு பயோடேட்டாவை மடித்து வைக்கும் முகங்களை கேம்பஸ் இண்டர்வியூவில் நாம் பார்க்காதவர்களா? பரம்பரையாகக் கிடைக்கிற சூழல் என்று ஒன்று இருக்கிறது. அது இருப்பவனுக்கு சில வரிகளை எழுதாமலே விட்டுவிட முடியும். இல்லாதவன் ஒவ்வொன்றையும் தானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. யூனிக்ஸ் ஷெல்லும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

மர்ரே ஹில் என்ற இடத்தில் இருந்தது பெல் ஆய்வகம். ரிட்சி சேர்ந்தபோது அங்கே மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டம் நடந்துகொண்டிருந்தது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் கூட்டு. ஒரே கம்ப்யூட்டரை நிறையப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிற மாதிரி ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்வது நோக்கம். வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969-ல் பெல் ஆய்வகம் கையைக் கழுவிக்கொண்டு விலகிவிட்டது. ரிட்சி, கென் தாம்ப்சன் போன்றவர்களுக்குப் பழகிய சுகம் போய்விட்டது. மேலிடத்தில் புது மெஷின் கேட்டார்கள்; கிடைக்கவில்லை.

அப்போது தாம்ப்சன் ஒரு கேம் எழுதி வைத்திருந்தார். சூரிய மண்டலத்தில் கப்பல் ஓட்டும் விளையாட்டு. பெரிய மெஷினில் அதை ஒரு தடவை ஆடினால் 75 டாலர் அளவுக்கு சி.பி.யூ. கணக்கு ஏறிவிடும்! படமும் விட்டு விட்டு வரும். பக்கத்தில் அதிகம் யாரும் தொடாத பி.டி.பி.-7 என்ற சின்ன மெஷின் ஒன்று இருந்தது. சின்னதுதான், ஆனால் அதில் அருமையான டிஸ்ப்ளே ப்ராசஸர் இருந்தது. தாம்ப்சனும் ரிட்சியும் கேமை அதற்கு மாற்றி எழுதினார்கள். மாற்றி எழுதும்போதே அந்த மெஷின் கைக்குள் வந்துவிட்டது. பிறகு ஃபைல் சிஸ்டம், ஷெல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து யூனிக்ஸ் பிறந்தது. ஆக, யூனிக்ஸ் பிறந்ததே நல்ல டிஸ்ப்ளே ஒன்று கிடைத்ததால்தான் என்று கொஞ்சம் மிகைப்படுத்தியும் சொல்லலாம்.

இனி வருவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நம் டிஸ்ப்ளே வரியின் ஜாதகம் இங்கேதான் எழுதப்பட்டது.

முதலில் பி.டி.பி.-7 யூனிக்ஸில் ஒரு டெர்மினலுக்கு ஒரே ப்ராசஸ்தான். ஷெல் நாம் கொடுத்த கமாண்டை வாங்கும். அந்த ப்ரோக்ராமைத் தன் மேலேயே ஏற்றிக்கொள்ளும். அது முடிந்ததும் ஷெல் மறுபடி புதிதாக ஏறும். பிறகு ஃபோர்க் வந்தது. ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொரு பிரதி எடுப்பது. ஃபோர்க் என்ற யோசனை பெர்க்லி பல்கலைக்கழகத்து டைம் ஷேரிங் சிஸ்டத்தில் ஏற்கனவே இருந்தது. பி.டி.பி.-7-ல் அதைச் சேர்க்கத் தேவைப்பட்டது சரியாக 27 வரி அசெம்பிளி கோட். ஷெல் ஒரு பிள்ளையைப் பெறும், பிள்ளை போய் கமாண்டை ஓட்டும், அப்பா ஷெல் காத்திருக்கும். இன்று நம் போனில் ஓடுகிற ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் வரைக்கும் அந்த அப்பா-பிள்ளை முறையே நடப்பில் இருக்கிறது.

ஃபோர்க்கைச் சேர்த்து சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. டைரக்டரி மாற்றும் கமாண்ட் திடீரென்று வேலை செய்யாமல் போய்விட்டது. நாம் இன்று சி.டி. என்று அடிக்கிறோமே, அதன் மூதாதை. கமாண்ட் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடுகிறது. ஆனால் டைரக்டரி மாறவில்லை. மண்டையைக் குடைந்துகொண்டு பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டைரக்டரியை மாற்றியது பிள்ளை ப்ராசஸ். அது சமர்த்தாகத் தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டது, உடனே செத்துப்போனது. அப்பா ஷெல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது! கடைசியில் அந்த கமாண்டைத் தனி ப்ரோக்ராமாக வைக்காமல் ஷெல்லின் உள்ளேயே வைத்தார்கள். இன்றும் அப்படித்தான் இருக்கிறது. இந்தக் கதையை ரிட்சியே யூனிக்ஸின் வளர்ச்சி பற்றிய தம் கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பெரிய ஆள்கள் தங்கள் திணறலை இப்படிச் சாவகாசமாக எழுதி வைப்பது அபூர்வம். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்தப் பக்கத்தில்தான்.

நடுவே நடந்தவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-ல் பி.டி.பி.-11 வந்தது. 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டு யூனிக்ஸின் முதல் மேனுவல். தாம்ப்சனின் பி மொழியை வளர்த்து ரிட்சி சி மொழி ஆக்கினார். 1973-ல் யூனிக்ஸின் கெர்னலையே சி-யில் மாற்றி எழுதினார்கள். 1974-ல் இருவரும் எழுதிய கட்டுரை வெளியானதும் யூனிக்ஸ் உலகத்துக்குத் தெரிந்தது. 1978-ல் கெர்னிகனோடு சேர்ந்து அந்தப் புகழ்பெற்ற சி புத்தகம். இதெல்லாம் கைடிலேயே இருக்கிறது.

கைடில் இல்லாதது சூழல் மாறியின் கதை. 1975-ல் வந்த ஆறாவது பதிப்பு யூனிக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. ஒரு ப்ரோக்ராமைத் துவக்கும்போது அதற்கு ஆர்க்யுமென்டுகளை மட்டும்தான் கொடுக்க முடியும். உன் வீட்டு டைரக்டரி எது, உன் டெர்மினல் எந்த வகை என்றெல்லாம் ஒவ்வொரு ப்ரோக்ராமும் தானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் மாஷி என்பவர் எழுதிய ஷெல்லில் ஒற்றை எழுத்து மாறிகள் வந்தன. ஸ்டீபன் போர்ன் புது ஷெல் எழுத ஆரம்பித்தார். ஷெல் உருவான காலத்தில் ரிட்சியோடும் மாஷியோடும் நிறைய விவாதித்ததற்குத் தம் அறிமுகக் கட்டுரையில் போர்ன் நன்றி தெரிவித்திருக்கிறார். 1979-ல் ஏழாவது பதிப்பு வந்தபோது அந்த ஷெல்லும் வந்தது, சூழல் மாறிகளும் வந்தன.

முறை ரொம்ப எளிமை. ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. இப்படி எழுத்துச் சரங்களாக ஒரு பட்டியல். புது ப்ரோக்ராமைத் துவக்கும் சிஸ்டம் காலில் ஆர்க்யுமென்ட் பட்டியலோடு இந்தப் பட்டியலும் போகும். கெர்னல் அதைப் படித்து அர்த்தம் பார்ப்பதில்லை. போஸ்ட்மேன் மாதிரி புது ப்ரோக்ராமின் மெமரியில் காப்பி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஷெல்லில் எக்ஸ்போர்ட் என்று சொன்ன மாறிகள் மட்டுமே இந்தப் பட்டியலில் ஏறும். சொல்லாதவை அப்பாவோடு நின்றுவிடும்.

காப்பி என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அப்பாவின் சூழலிலிருந்து பிள்ளைக்குப் போவது பிரதிதான். பிள்ளை அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அப்பாவுக்குத் தெரியாது. டைரக்டரி விவகாரத்தில் நடந்த அதே சங்கதி! அதனால்தான் டிஸ்ப்ளேயை மாற்றுகிற ஒரு ஸ்கிரிப்டை எழுதி, அதைச் சாதாரணமாக ஓட்டினால் ஒன்றுமே நடக்காது. ஸ்கிரிப்ட் ஒரு பிள்ளை ஷெல்லில் ஓடி, மாற்றி, செத்துவிடும். ஸ்கிரிப்ட் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் இடைவெளியும் வைத்து அடித்தால், இருக்கிற ஷெல்லே அந்த வரிகளைப் படித்துத் தன்மேல் போட்டுக்கொள்ளும். அந்தப் புள்ளியின் அர்த்தம் முழுவதும் 27 வரி ஃபோர்க்கில் இருக்கிறது. லாகின் ஆனதும் டாட் ப்ரொஃபைலை ஷெல் படிப்பதும் இதே முறையில்தான், தானே தனக்குப் படித்துக்கொள்கிறது.

டிஸ்ப்ளே மாறியை ரிட்சி உண்டாக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். 1984-ல் எம்.ஐ.டி.-யில் ராபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் முதலானவர்கள் எக்ஸ் விண்டோ சிஸ்டம் செய்தார்கள். ப்ரோக்ராம் ஒரு மெஷினில் ஓடலாம், அதன் ஜன்னல் வேறு மெஷினின் திரையில் தெரியலாம் என்பது அதன் சிறப்பு. அப்படியானால் எந்தத் திரை என்று ப்ரோக்ராமுக்கு யார் சொல்வது? ரிட்சியும் நண்பர்களும் போட்டு வைத்த பாதை தயாராக இருந்தது. டிஸ்ப்ளே என்று ஒரு சூழல் மாறி. முதலில் மெஷின் பெயர், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு டிஸ்ப்ளே எண், வேண்டுமானால் ஒரு புள்ளி வைத்து ஸ்கிரீன் எண். மெஷின் பெயர் இல்லாமல் :0 என்று மட்டும் இருந்தால் இந்த மெஷினிலேயே உள்ள முதல் திரை. நெட்வொர்க் வழியாகப் போனால் 0-ஆம் டிஸ்ப்ளேக்கு டி.சி.பி. போர்ட் 6000, 1-க்கு 6001. இதில் சர்வர் என்பது மூலையில் ஏ.சி. ரூமில் இருக்கும் பெரிய மெஷின் இல்லை. நம் முன்னால் இருக்கும் திரையைக் கட்டி ஆளுகிற ப்ரோக்ராம்தான் சர்வர். வைவாவில் இதைக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தலைகீழாகச் சொல்வார்கள்.

இப்போது நம் லேபில் நடந்த ஒன்று. பல வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதி, அக்கவுன்ட் திறக்கும்போதெல்லாம் காப்பியாகி வருகிற டாட் பாஷ்-ஆர்.சி. ஃபைலில் டிஸ்ப்ளேயை :0 என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யும் வரி ஒன்று இருந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ப்ராஜெக்ட் சமயத்தில் ஒரு நண்பன் லைப்ரரி மெஷினிலிருந்து எஸ்.எஸ்.ஹெச். மூலம் லேப் சர்வருக்குள் எக்ஸ் ஃபார்வர்டிங்கோடு நுழைந்தான். குனூபிளாட்டில் வரைபடம் போட்டான். திரையைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்ததே தவிர படம் வரவில்லை. நெட்வொர்க் கோளாறு, கேபிள் கோளாறு என்று ஒரு மத்தியானம் முழுக்க போனது. மறுநாள் ரெவ்யூ வேறு!

நான் போய் டிஸ்ப்ளேயின் மதிப்பை எக்கோ செய்து பார்த்தேன். :0 என்று இருந்தது. அங்கேயே திருடன் பிடிபட்டான். எஸ்.எஸ்.ஹெச். உள்ளே நுழையும்போதே டிஸ்ப்ளேயைத் தானாகச் சரியாக வைத்துக் கொடுத்திருக்கும். வழக்கமாக லோக்கல்ஹோஸ்ட் :10.0 என்று. அது போய்ச் சேரும் போர்ட் 6010. அங்கிருந்து குழாய் மாதிரி நம் திரைக்கு வழி. அப்பா கொடுத்த அந்தச் சரியான மதிப்பை, ஷெல் பிறந்தவுடன் பாஷ்-ஆர்.சி. வரி அழித்துவிட்டு :0 என்று எழுதியது. ப்ரோக்ராம் லைப்ரரித் திரையை விட்டுவிட்டு, பூட்டிய லேபில் இருக்கும் சர்வரின் திரையைத் தட்டியது. அனுமதி இல்லாததால் கதவு திறக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தோம். படம் வந்தது.

அதற்காக டிஸ்ப்ளேயை ஸ்கிரிப்டில் வைக்கவே கூடாது என்றில்லை. எக்ஸ் டெர்மினல்கள் இருந்த காலத்தில் டெல்நெட் வழியாக வருகிறவனுக்கு டிஸ்ப்ளேயை யாரும் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஹூ ஆம் ஐ கமாண்ட் அடைப்புக்குறிக்குள் காட்டுகிற மெஷின் பெயரை டாட் ப்ரொஃபைலிலேயே வெட்டி எடுத்து, அதோடு :0 சேர்த்து டிஸ்ப்ளே ஆக்குவார்கள். சி ஷெல் ஆட்கள் எக்ஸ்போர்டுக்குப் பதில் செட்-என்வ் என்று டாட் லாகினில் எழுதுவார்கள். நல்ல தந்திரம்தான். இன்றும் வைப்பதென்றால், முதலில் டிஸ்ப்ளே காலியாக இருக்கிறதா என்று ஒரு இஃப் போட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் மட்டும் வையுங்கள். வைக்கும் இடம் டாட் ப்ரொஃபைலாக இருக்கட்டும். அது லாகினுக்கு ஒரு முறை ஓடும். பாஷ்-ஆர்.சி. ஒவ்வொரு புது டெர்மினலுக்கும் ஓடி ஓடி அழித்துக்கொண்டே இருக்கும். கிரான் மூலம் ராத்திரி ஓடும் வேலைகள் நம் ப்ரொஃபைலைப் படிப்பதே இல்லை. அவற்றுக்கு டிஸ்ப்ளே கிடையாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்ப்ளே வெறும் முகவரிதான் என்பதும் நினைவில் இருக்கட்டும். உள்ளே விடுவதற்கு எக்ஸ்-ஆத் சாவி வேறு வேண்டும். சோம்பேறித்தனமாக எக்ஸ்-ஹோஸ்ட் பிளஸ் அடித்து எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் பக்கத்து பெஞ்சுக்காரன் நம் திரையில் நாம் அடிப்பதைப் படித்தால் கோபப்படக் கூடாது.

ரிட்சியும் அவர் கூட்டாளிகளும் இந்த ஏற்பாட்டோடு நின்றுவிடவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெல் ஆய்வகத்தில் அவர் துறைத் தலைவராக இருந்தபோது, தாம்ப்சன், ராப் பைக் முதலானவர்கள் பிளான் 9 என்ற புது சிஸ்டத்தைச் செய்தார்கள். 1992-ல் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் திரை, மௌஸ், கீபோர்டு எல்லாமே ஃபைல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக அந்த ஃபைல்கள் தெரியும். ப்ரோக்ராம் தன் திரை எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எப்போதும் ஒரே பெயருள்ள ஃபைலைத் திறந்தால் போதும், அது தன் ஜன்னலுக்குப் போய்ச் சேரும். டிஸ்ப்ளே மாறி என்ற பேச்சுக்கே இடமில்லை! சூழல் மாறிகள்கூட அங்கே ஒரு டைரக்டரியில் உள்ள ஃபைல்கள்தான். என் அபிப்பிராயத்தில் இது யூனிக்ஸைவிட அழகு. ஆனால் உலகம் அதற்குள் யூனிக்ஸைப் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொண்டு செட்டில் ஆகிவிட்டது. பிளான் 9 பரவவில்லை.

ஆள் ரொம்ப அமைதி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாகின் பெயர் டி.எம்.ஆர்.; நண்பர்களுக்கும் அவர் டி.எம்.ஆர்.தான். ஆறாவது பதிப்பின் கெர்னல் சோர்ஸில் இரண்டு டைரக்டரிகள் இருக்கும். ஒன்று கென், இன்னொன்று டி.எம்.ஆர். டிஸ்க், டேப், டெர்மினல் எல்லாவற்றுக்குமான டிவைஸ் டிரைவர்கள் டி.எம்.ஆர். டைரக்டரியில். லாகின் ஸ்கிரீனில் கம்பெனிப் பெயர் வரும், சிஸ்டம் பெயர் வரும், அவர் பெயர் வராது. 1983-ல் தாம்ப்சனோடு டூரிங் விருது. 1999-ல் அதிபர் கிளின்டன் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். 2011-ல் ஜப்பான் பரிசு. 2007-ல் ஓய்வு பெற்றார். கடைசி வருஷங்களில் புற்றுநோய் சிகிச்சையும் இதய நோயுமாக உடம்பு தளர்ந்திருந்தது. ஜப்பான் பரிசை 2011 மே மாதம் மர்ரே ஹில்லிலேயே கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அதே வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, பெர்க்லி ஹைட்ஸ் என்ற ஊரில் அவர் தனியாக வசித்த வீட்டில் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். வயது 70. ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 5-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் காலமாகி உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்தது. ரிட்சி இறந்த செய்தி, பழைய சகா ராப் பைக் இணையத்தில் எழுதித்தான் வெளியே தெரிந்தது. அவருக்கு அத்தனை கூட்டம், இவருக்கு இல்லையே என்று ஒப்பிட்டு ஆதங்கப்பட்டு நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அந்த ஒப்பீடு தேவையில்லை என்றே படுகிறது. ஜாப்ஸின் மெஷின்களுக்கு அடியில் ஓடியதே யூனிக்ஸ் வம்சம்தான். அடுத்த மாதம் வந்த ஃபெடோரா 16 லினக்ஸை ரிட்சியின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்கள். ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நூலகத்துக்குப் போகாத அந்த ஆய்வேடு? ரொம்ப வருஷம் அது எங்கே என்றே வெளியாருக்குத் தெரியாது. 2020-ல் கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் அதன் பிரதியை இணையத்தில் போட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தாமதம்! கணிதம் எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. லூப் ப்ரோக்ராம் பற்றிய பகுதி மட்டும், எம்-2 தாண்டியவர்கள் பொறுமையாக உட்கார்ந்தால் புரியும். வேண்டியவர்கள் பென் டிரைவோடு வாருங்கள், தருகிறேன்.